நான்மடிய நெல்: மணி பெருக்கிறது, மகரந்தம் கைவிடுகிறது

நெல்லின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முளை கட்டிய விதையையோ இளம் தூரின் அடிப்பகுதியையோ கால்ச்சிசின் கரைசலில் வைத்தால், பிழைத்து வரும் செடிகளில் சிலவற்றிலாவது 24 குரோமோசோம்கள் 48 ஆகியிருக்கும். அந்தச் செடி வளர்ந்து நிற்கும்போது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். தண்டு தடிமன், இலை அகலம், பச்சையும் ஒரு பங்கு கூடுதல். கதிரில் மணிகள் நீளமாக, பல சமயம் நுனியில் மீசையோடு தொங்கும். கதிரைக் கையில் உருவிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். பாதிக்கு மேல் பதர்.

இப்படி இரண்டுக்குப் பதில் நான்கு குரோமோசோம் தொகுதிகளைச் சுமக்கும் நான்மடிய நெல்லின் கதை முழுக்க இந்தப் பதரின் கதைதான். நன்றாக விளையும் சாதாரண ரகத்தில் பூக்களில் 80 சதவீதத்துக்கு மேல் மணி பிடிக்கும். புதிதாக இரட்டிப்பாக்கிய நெல்லில் அது பெரும்பாலும் 40 சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் மணியின் எடை 25 கிராமிலிருந்து 35 கிராமுக்கு ஏறியது என்றே வைத்துக்கொள்வோம், அது 40 சதவீத லாபம். மணி பிடிப்பு 80-லிருந்து 40-க்கு இறங்கினால் லாபம் முழுவதும் போய், களத்துக்கு வருவது பழைய விளைச்சலில் 70 சதவீதம்தான். நான்மடியத்தில் தூர்களும் குறைவாகவே வெடிக்கும் என்பதை இன்னும் சேர்க்கவே இல்லை. ‘ராட்சத அரிசி’ என்ற தலைப்பில் அவ்வப்போது வரும் செய்திகளில் மணியின் படம் இருக்கும், பதரின் எண்ணிக்கை இருக்காது. அதனால்தான் அந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஜப்பானில் நாகாமோரி என்ற ஆய்வாளர் நான்மடிய நெற்செடியைப் பற்றி எழுதியது 1933-ல். அதே காலத்தில் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கே. ராமையாவும் அவருடைய சகாக்களும் 12 குரோமோசோம்கள் மட்டும் உள்ள ஒருமடியச் செடி, 36 உள்ள மும்மடியச் செடி என்று வயலில் தானாக வந்த விசித்திரங்களைப் பிடித்து ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவரை இவை எல்லாம் தற்செயல். 1937-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ கால்ச்சிசின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் என்று காட்டிய பிறகு, வேண்டும்போது வேண்டிய செடியில் செய்யலாம் என்றாகிவிட்டது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் இந்த மருந்து தடுக்கும். குரோமோசோம் படியெடுக்கப்பட்டிருக்கும், ஆனால் செல் இரண்டாகப் பிரியாது. இரண்டு பங்கும் ஒரே செல்லில் தங்கிவிடும். அந்தக் கால்ச்சிசின் நம் மாநிலப் பூவான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் நிறையவே இருக்கிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கட்டிப் பயிரிட்டு விதையை விற்பதும் இதற்காகத்தான்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் விடாமல் முயல்கிறார்கள்? இரண்டுக்கு மேல் குரோமோசோம் தொகுதிகள் இருக்கும் பன்மடியம் பயிர் உலகில் புதுமை இல்லை என்பதால்தான். ரொட்டிக் கோதுமை அறுமடியம், 42 குரோமோசோம்கள். அமெரிக்கப் பருத்தி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு மூன்றும் நான்மடியம். நாம் தின்னும் வாழைப்பழம் பெரும்பாலும் மும்மடியம், அதனால்தான் அதில் விதை இல்லை. புல் குடும்பத்தின் முன்னோரிலேயே பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரபுத்தொகுதி ஒருமுறை இரட்டிப்பாகியிருக்கிறது, அதன் தடயம் இன்றைய நெல்லின் 12 குரோமோசோம் இணைகளிலும் இருக்கிறது. கோதுமைக்கு முடிந்தது நெல்லுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்வி நியாயமானதுதான்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. கோதுமை அயல்பன்மடியம். மூன்று வெவ்வேறு புல்லினங்களின் குரோமோசோம் தொகுதிகள் ஒரே செடியில் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் தொகுதியிலேயே சரியான துணை உண்டு, அடுத்த தொகுதிக்காரனோடு அவ்வளவாக ஒட்டாது. கால்ச்சிசினால் உருவான நெல் தன்பன்மடியம். ஒரே தொகுதியின் நான்கு படிகள் அதில் இருக்கின்றன. முதல் குரோமோசோமுக்கு அச்சு அசலாக நான்கு பேர். யாரோடு யார் இணைவது?

இந்தக் கேள்விக்குச் செடி விடை சொல்ல வேண்டிய இடம் மகரந்தப்பை. அங்கே சாதாரண நெல்லில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

நெற்பூவில் ஆறு மகரந்தத்தாள்கள். ஒவ்வொன்றின் பையிலும் நான்கு அறைகள். கதிர் வெளியே வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, தொண்டைக்கதிர்ப் பருவத்தில், பூ இன்னும் சில மில்லிமீட்டர் நீளத்தில் இலையுறைக்குள் ஒளிந்திருக்கும்போது, அந்த அறைகளில் உள்ள மகரந்தத் தாய் செல்கள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல்பகுப்புக்குள் நுழைகின்றன. 24 குரோமோசோம்கள் 12 இணைகளாகச் சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, நடுக்கோட்டில் வரிசையாக நின்று, இருபுறமும் 12, 12 என்று பிரியும். மறுபடியும் ஒரு பிரிவு. ஒரு தாய் செல்லிலிருந்து நான்கு நுண்வித்துகள், பின்னால் மகரந்தமாகப் போகிறவை. கேலோஸ் என்ற மெல்லிய சர்க்கரைச் சுவர் நான்கையும் கொஞ்ச நேரம் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும், பிறகு கரைந்து விடுவிக்கும். அந்தச் சுவரைக் கரைக்கும் நொதியைச் சுரப்பது மகரந்தப்பையின் உள்சுவரான டபீட்டம். நுண்வித்துகளுக்குச் சாப்பாடு, மகரந்தத்தின் கெட்டியான மேலுறைக்கு வேண்டிய பொருள், எல்லாமே டபீட்டத்திலிருந்துதான் வர வேண்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, உரிய நேரத்தில் அந்த அடுக்கு தானே அழிந்துபோகும். முன்கூட்டியே அழிந்தாலும் தப்பு, அழியாமல் உட்கார்ந்திருந்தாலும் தப்பு. அப்புறம் நுண்வித்துக்குள் இரண்டு பிரிவுகள் நடந்து மூன்று செல்களாகும், மாவுச்சத்து நிரம்பும், மகரந்தம் முதிரும். காலை பத்து மணி வாக்கில் பூ விரிந்ததும் அதே பூவின் சூலகமுடியில் கொட்டும். நெல் மகரந்தத்தின் ஆயுள் அதன் பிறகு சில நிமிடங்கள்தான்.

இந்தத் தொண்டைக்கதிர்ப் பருவம் எந்த நெல்லுக்கும் பலவீனமான கட்டம். அந்த நாட்களில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே சில நாள் இறங்கினால் சாதாரண ரகத்திலேயே மகரந்தம் வற்றிப்போகும். டபீட்டம்தான் முதலில் அடிவாங்கும். ஒன்றும் தவறாமல் நடந்தாலே தடுமாறும் இந்த இடத்துக்குத்தான் நான்மடிய நெல் இரண்டு மடங்கு குரோமோசோம்களோடு வந்து நிற்கிறது.

நான்கு ஒரே மாதிரிக் குரோமோசோம்கள் சேரும்போது பல வாய்ப்புகள் உண்டு. இரண்டு இரண்டாகப் பிரிந்து இரு இணைகளாகலாம். நான்கும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நாற்கூட்டாகலாம். மூன்று சேர்ந்து ஒன்று தனியாக நிற்கலாம். பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: கயிறுகள் பின்னியதெல்லாம் பிரச்சினையே இல்லை, எதிர்த்திசை ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் இடம் பிசகாமல் திரும்பினால் பின்னல் தானாக அவிழும். ஒருவர் கயிற்றை விட்டு வெளியே நின்றுவிட்டால்தான் சிக்கல். குரோமோசோமிலும் அப்படித்தான். வளையமாகக் கோத்த நாற்கூட்டு, நடுக்கோட்டில் சரியாகத் திரும்பி நின்றால் இரண்டுக்கு இரண்டு என்று ஒழுங்காகவே பிரியும். தொல்லை கொடுப்பவை முக்கூட்டும், தனியாக நிற்கும் ஒற்றையும். ஒற்றையை இழுக்க எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, சில சமயம் எந்தப் பக்கமும் போகாமல் நடுவில் தங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் மற்றவை எல்லாம் இரு முனையிலும் சேர்ந்துவிட்ட பிறகு நடுவில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் பின்தங்கி நிற்பது தெரியும். பிரிவு முடிந்ததும் அவை தனித்தனிச் சிறு உட்கருக்களாக மூலையில் ஒதுங்கிவிடும். அந்த நுண்வித்தில் 24 இருக்க வேண்டிய இடத்தில் 23 இருக்கும், இன்னொன்றில் 25.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. சாதாரண நெல்லில் 12-க்குப் பதில் 11 கிடைத்த மகரந்தம் அநேகமாக அங்கேயே செத்துவிடும், ஏனென்றால் ஒரு குரோமோசோமின் மரபணுக்கள் முழுதாக இல்லை. நான்மடியத்தில் 23 கிடைத்த மகரந்தத்துக்கு எல்லா மரபணுவிலும் ஒரு படியாவது இருக்கும். அதனால் அது சில சமயம் பிழைத்து, கருவுறச் செய்து, விதையும் ஆகிவிடும். அடுத்த தலைமுறையில் 47, 49 குரோமோசோம்களோடு செடிகள் வயலில் கலந்து நிற்கும். உயரம் ஒன்றுபோல இராது, மலட்டுத்தன்மையும் ஒன்றுபோல இராது. குறை வெளியே தெரியாமல் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும். பதராகவே போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, குரோமோசோம் பிரிவதுதான் பிரச்சினை என்றால் ஒற்றைகளையும் முக்கூட்டுகளையும் எண்ணிப் பார்த்து மலட்டுத்தன்மையைக் கணித்துவிடலாமே? நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். கணக்கு முழுசாகப் பொருந்தவில்லை. குரோமோசோம் நடத்தையில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டு நான்மடிய வரிசைகளில், அதாவது தனித்தனியாகப் பேணும் விதை வழிகளில், ஒன்று ஓரளவு மணி பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது. பிறகு தேடியதில் கோளாறுகள் வரிசையாகக் கிடைத்தன. பிரிவை நடத்தும் நுண்குழல் இழைகள் தாறுமாறாக அமைவது, கேலோஸ் சுவர் சரியாக உருவாகாதது, டபீட்டம் நேரம் தவறி அழிவது, நுண்வித்து உருவான பிறகு உள்ளே நடக்க வேண்டிய செல்பிரிவு நின்றுபோவது, கடைசிக் கட்டத்தில் மாவுச்சத்து ஏறாமல் போவது. இவற்றில் எது முதலில், எது அதன் விளைவு என்று பிரிப்பது லேசான காரியம் இல்லை. நான்கு படி மரபணுக்கள் இருக்கும்போது எல்லாமே நேர்விகிதத்தில் இரட்டிப்பாக வெளிப்படுவதும் இல்லை. சில கூடும், சில குறையும், நகரும் மரபுத்துண்டுகளைச் சுற்றி, மரபணுக்களை அடக்கி வைக்கக்கூடிய வேதிக்குறியான டி.என்.ஏ. மெத்திலேற்றம் மாறும். குன்றல்பகுப்புக்கான மரபணுக்களும் அந்தக் கலவரத்துக்கு வெளியே இல்லை.

இந்த விஷயத்தை நேரில் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மறுநாள் விரியப்போகும் பூவைக் கதிரின் மேற்பகுதியிலிருந்து பறித்து, இடுக்கியால் உமியைத் திறந்து, மஞ்சளாகத் தெரியும் மகரந்தப்பைகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சதவீத அயோடின்–பொட்டாசியம் அயோடைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு நசுக்கினால் போதும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே காட்டிவிடும். மாவுச்சத்து நிரம்பிய மகரந்தம் உருண்டையாகக் கருநீலத்தில் தெரியும். சாதாரண ரகமாக இருந்தால் பார்வைப் பரப்பு முழுக்கக் கறுப்பு முத்துகளாக இருக்கும். நான்மடியத்தின் தகட்டில் முத்துகள் அளவில் பெரியவை, ஆனால் அவற்றுக்கிடையே வேறு கூட்டமும் இருக்கும். உருண்டையாக இருந்தும் நிறம் ஏறாதவை, பாதி மட்டும் நீலம் பிடித்தவை, சுருங்கிக் கோணலாகி வெறும் தோலாகக் கிடப்பவை. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கட்டத்தில் நடந்த தவறுகள். சுருங்கியவை குன்றல்பகுப்பை ஒட்டியே செத்தவை. உருண்டையாக நின்றவை அதற்குப் பிறகு வந்து, மாவு ஏறும் முன்பே நின்றுபோனவை. பாதி நீலம் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டவை. எத்தனை சதவீதம் கறுப்பு என்று மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் பாதித் தகவலைக் குப்பையில் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

மகரந்தத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. சூல்பையிலும் இதே குன்றல்பகுப்பு நடக்கிறது, அங்கேயும் கோளாறுகள் உண்டு. ஒரு பூவுக்கு ஒரே ஒரு சூல்தான் என்பதால் அங்கே தவறினால் மாற்று ஏற்பாடு கிடையாது. மகரந்தம் பூவுக்கு ஆயிரக்கணக்கில் இருப்பதால் பாதி செத்தாலும் மீதி சமாளிக்கலாம். அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் மகரந்தத்தையே துரத்துவதற்குக் காரணம் அது எண்ணுவதற்கு எளிது, ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் என்பதுதான். இன்னொரு காரணம், கலப்பினத்தில் மகரந்த மலட்டுத்தன்மைக்கான மரபணு இடங்கள் ஏற்கெனவே நன்றாக அறியப்பட்டிருக்கின்றன.

அந்தக் கலப்பினச் சமாச்சாரத்தில் கொஞ்சம் நின்று போகலாம், இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த புதிர் அங்கேதான் இருக்கிறது. நெல்லில் இண்டிகா, ஜப்பானிகா என்று இரு பெரும் பிரிவுகள். நம் வயல்களில் இருப்பது பெரும்பாலும் இண்டிகா. ஜப்பான், கொரியா, வட சீனாவில் ஜப்பானிகா. இரண்டையும் கலந்தால் செடி செழிப்பாக வரும், ஆனால் மகரந்தம் பெருமளவு மலடாகும். இதற்குக் காரணமான இடங்களுக்கு எஸ்-ஏ, எஸ்-பி, எஸ்-சி என்று பெயர். சீனாவில் குவாங்சோவிலுள்ள தென் சீன வேளாண் பல்கலைக்கழகத்தில் இவற்றில் எஸ்-ஏ எப்படி வேலை செய்கிறது என்று 2008-லும், எஸ்-சி எப்படி என்று 2017-லும் கண்டுபிடித்தார்கள். எஸ்-சி இடத்தில் ஜப்பானிகா வகை மகரந்த வளர்ச்சிக்கு அவசியமான ஒரு புரதத்தைத் தருகிறது. இண்டிகா வகையில் அந்தத் துண்டு ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாகப் பெருகிக் கிடக்கிறது. அதன் வெளிப்பாடு அதிகமானதும் ஜப்பானிகா வகை அடங்கிப்போகிறது, அதைச் சுமக்கும் மகரந்தம் சாகிறது. எஸ்-ஏ இடத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் கூட்டுச் சேர்ந்து இதே வேலையைச் செய்கின்றன.

சாதாரணக் கலப்பினத்தில் ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மகரந்தம் பாதி இண்டிகா வகை, பாதி ஜப்பானிகா வகை. பின்னது சாகும். நான்மடியக் கலப்பினத்தில் இரண்டு இண்டிகா, இரண்டு ஜப்பானிகா. ஒவ்வொரு மகரந்தத்துக்கும் நான்கில் இரண்டு கிடைக்கும். சேர்க்கைகளை எண்ணினால் ஆறு: ஒன்று இரண்டும் இண்டிகா, ஒன்று இரண்டும் ஜப்பானிகா, மீதி நான்கு கலவை. இரண்டுமே ஜப்பானிகாவாக இருப்பது மட்டும் செத்தால் இழப்பு ஆறில் ஒன்று, சுமார் 17 சதவீதம். அப்படியானால் இரட்டிப்பாக்குவது கலப்பின மலட்டுத்தன்மைக்கு மருந்தாக அல்லவா இருக்க வேண்டும்? காகிதத்தில் அப்படித்தான். கலவை மகரந்தமும் சேர்ந்து செத்தால் இழப்பு ஆறில் ஐந்து, 83 சதவீதம்.

வயலில் வந்த விடை இரண்டையும் விடச் சிக்கலானது. அதே தென் சீன வேளாண் பல்கலைக்கழகத்தில் லியு ஷியாங்டாங் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த இடங்களில் வேறுபாடு உள்ள நான்மடியக் கலப்பினங்களில் மலட்டுத்தன்மை கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒரே நேரத்தில் வேறுபாடு இருந்தால் இன்னும் மோசம். இங்கே முக்கியமானது மகரந்தம் சாகும் எண்ணிக்கை மட்டுமில்லை. குன்றல்பகுப்பிலேயே குரோமோசோம் கோளாறுகள் அதிகமாயின, குன்றல்பகுப்பை நடத்தும் மரபணுக்கள் பலவற்றின் வெளிப்பாடு குறைந்தது. மகரந்தத்தைக் கொல்லும் மரபணுக்கள் என்று நினைத்தவை, நான்மடியத்தில் மகரந்தம் உருவாகும் முன்பே தாய் செல்லின் பிரிவில் தலையிடுகின்றன. அதாவது இரட்டிப்பாவது ஒரு தொல்லை, கலப்பது இன்னொரு தொல்லை, இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தூண்டிவிடும் மூன்றாவது தொல்லை. முதலிரண்டையும் தனித்தனியாகக் கூட்டி மூன்றாவதைக் கணிக்க முடியாது.

இதற்கு மருந்து தேடியவர்கள் இருவேறு ஊர்களில் ஏறக்குறைய ஒரே வழியில் போனார்கள். மரபணுவை ஒவ்வொன்றாகத் திருத்தவில்லை. கலந்து, சலித்து, மறுபடியும் கலந்து, நன்றாக மணி பிடிக்கும் செடியைத் தேடிப் பிடித்தார்கள். வூஹானில் ஹூபெய் பல்கலைக்கழகத்தின் சாய் தெட்டியான் குழு இண்டிகா, ஜப்பானிகா இரண்டையும் கலந்து, இரட்டிப்பாக்கி, பல தலைமுறை தெரிவு செய்து, குன்றல்பகுப்பு நிலையாக நடக்கும் இரு நான்மடிய வரிசைகளை உருவாக்கியது. 2007-ல் வெளியான அவர்களுடைய விவரங்களின்படி, அந்தச் செடிகளில் குரோமோசோம்கள் பெரும்பாலும் இணைகளாகவோ நாற்கூட்டுகளாகவோ சேர்கின்றன. ஒற்றையும் முக்கூட்டும் மிகக் குறைவு, பின்தங்கி நிற்பவையும் குறைவு. மணி பிடிப்பு சாதாரண நெல்லுக்குப் பக்கத்தில் வந்தது. குவாங்சோக்காரர்கள் நான்மடிய வரிசைகளையே ஒன்றோடொன்று கலந்து ‘ஹுவாதுவோ’ என்ற வரிசைகளை எடுத்தார்கள். இவற்றின் சிறப்பு தாமே நன்றாக விளைவது மட்டுமில்லை. மணி பிடிக்காத மற்ற நான்மடியங்களோடு கலந்தாலும் அந்தக் கலப்பினம் நன்றாக மணி பிடிக்கிறது. கலப்பின வீரியத்தைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இது முக்கியம்.

நாற்கூட்டு இருந்தும் மணி பிடிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இணைகளாக மட்டுமே சேர வேண்டும் என்று கோதுமையைப் பார்த்து நினைத்தார்கள். கோதுமையில் பி-எச்-1 என்ற இடம் அயல் தொகுதிகள் ஒன்றோடொன்று சேராமல் காவல் காக்கிறது, 1958-லேயே இது தெரியும். தன்பன்மடியத்துக்கு அந்தக் காவல் பொருந்தாது, நான்கும் சொந்தக்காரர்கள். அங்கே வேறு உத்தி வேண்டும். ஐரோப்பாவில் காட்டிலேயே தன்பன்மடியமாக வாழும் அராபிடாப்சிஸ் அரினோசா என்ற சிறுசெடியில் கிர்ஸ்டன் பாம்ப்ளீஸ் குழு கண்டது ஒரு நல்ல துப்பு. அந்தச் செடியில் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும் இடங்கள் குறைந்திருக்கின்றன, ஏறக்குறைய ஒரு குரோமோசோமுக்கு ஒன்று. ஒரே இடத்தில் மட்டும் கைகோத்தால் இன்னொருவரோடு சேர்ந்து சிக்கிக்கொள்ள வாய்ப்பு குறைவு. இதற்காகக் குன்றல்பகுப்பின் அச்சுப் புரதங்களைத் தரும் பல மரபணுக்கள் இயற்கைத் தெரிவில் மாறியிருக்கின்றன. ஒன்று இல்லை, பல. நெல்லிலும் ஒற்றை மரபணு மாத்திரை கிடைக்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல தலைமுறைத் தெரிவில்தான் வூஹான், குவாங்சோ வரிசைகள் வந்தன, அது தற்செயல் அல்ல.

இன்னொரு சாலையும் இருக்கிறது. இருக்கும் நெல்லை இரட்டிப்பாக்குவதற்குப் பதில், இயற்கையிலேயே பன்மடியமாக இருக்கும் காட்டு நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவது. நெல் பேரினத்தில் 48 குரோமோசோம் உள்ள காட்டினங்கள் பல உண்டு. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழாவின் பெயரைத் தாங்கிய காட்டுநெல் அவற்றில் ஒன்று, அதை விவரித்தவர்கள் கிருஷ்ணசாமி, சந்திரசேகரன் என்ற தாவரவியலாளர்கள். இவை அயல்பன்மடியங்கள் என்பதால் குரோமோசோம் துணைதேடும் சிக்கலை இயற்கை ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறது. 2021-ல் பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் லி ஜியாயாங் குழு தென் அமெரிக்கக் காட்டுநெல்லான ஒரைசா ஆல்டாவைக் கையில் எடுத்தது. ஆளை விட உயரமாக வளரும், மணி பழுத்ததும் உதிர்ந்துவிடும், மீசை நீளம், மணி சிறிசு. அவர்கள் அதன் மரபுத்தொகுதியை முழுக்கப் படித்து, மரபணுத் திருத்தக் கருவியால் உதிர்தல், மீசை, உயரம், மணி நீளம், பூக்கும் காலம் என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துக் காட்டினார்கள். மகரந்தம் அங்கே தலைவலி இல்லை, மற்ற எல்லாமே தலைவலி. பத்தாயிரம் ஆண்டில் உழவர்கள் நெல்லுக்குச் செய்ததை ஆய்வகத்தில் சில ஆண்டுகளில் செய்யப் பார்க்கிறார்கள். அது உண்ணும் அரிசியாக வர இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

மணி பெரிதாவதை விட எனக்கு முக்கியமாகப் படுவது உப்பு. நான்மடிய நெல் உவர் மண்ணைச் சாதாரண நெல்லை விட நன்றாகத் தாங்குகிறது என்று சீனாவில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் காட்டியிருக்கின்றன. இரட்டிப்பானதும் சில இடங்களில் மெத்திலேற்றம் குறைவதால், நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்கள் விரைவாகக் கிளம்புகின்றன என்று 2021-ல் ஒரு விளக்கமும் வந்தது. வங்கக் கடலோரத்தில் உப்பு நீர் ஏறி இறங்கும் சேற்றில் நிற்கும் ஒரைசா கோர்க்டேட்டாவும் நான்மடியம்தான், இலையிலிருந்தே உப்பை வெளியேற்றிவிடும். ஆனால் அது விதையை நம்பி வாழும் செடி இல்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டால் பரவுகிறது. உழவருக்கு அந்த வசதி இல்லை. உவர் நிலத்தில் செடி பச்சையாக நின்று கதிர் பதராகப் போனால் யாருக்கும் உபயோகம் இல்லை. உப்பே மகரந்தத்தை வதைக்கும் சங்கதி வேறு. ஆக, உப்பு தாங்கும் சோதனையும் மகரந்தச் சோதனையும் ஒரே செடியில், ஒரே பருவத்தில் சேர்த்து நடக்க வேண்டும்.

விதை உற்பத்தி என்று வந்தால் நடைமுறைத் தொல்லை இன்னும் ஒன்று உண்டு. நான்மடிய வயலுக்குப் பக்கத்தில் சாதாரண நெல் இருந்து, அதன் மகரந்தம் இங்கே விழுந்தால் உருவாவது மும்மடியக் கரு. அதற்குச் சோறூட்டும் முளைசூழ்தசையில் தாய்ப் பங்கும் தந்தைப் பங்கும் வழக்கமான இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் இருக்காது. விகிதம் குலைந்தால் அந்தத் தசை சரியாக வளராது, விதை சுருங்கிப்போகும். தப்பி முளைத்தாலும் அந்தச் செடி மலடு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் சாதாரண ரகத்தில் இந்தக் கலப்பு சிறிய விஷயம். ஆனால் சொந்த மகரந்தம் பாதி செத்துக்கிடக்கும் பூ அயல் மகரந்தத்துக்குக் கூடுதல் நேரம் திறந்திருக்கும், கலப்பும் கூடும். அதனால் ஒரு நான்மடிய வரிசை நிலைத்துவிட்டது என்று சொல்வதற்கு முன் விளைச்சல் கணக்கு மட்டும் போதாது. தொடர்ந்து வரும் தலைமுறைகளில் செடிக்குச் செடி வேர்நுனியில் குரோமோசோம் எண்ணிக்கை 48 நிற்கிறதா, அயோடின் தகட்டில் நிறம் ஏறாதவற்றின் பங்கு குறைந்துகொண்டே வருகிறதா, அது எல்லாச் செடியிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். முதல் தலைமுறையில் கண்ணைப் பறித்த பெரிய மணிச் செடிகளில் பல இந்த மூன்றாவது கேள்வியில்தான் தோற்கின்றன.